மைனா சொன்ன அழுங்குக் கதை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் அழுங்கு ஒன்று வாழ்ந்தது. அழுங்கைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? உடம்பெல்லாம் செதில். எறும்புதான் சாப்பாடு. சத்தம் அதிகமானால் பந்துபோல் சுருண்டுகொள்ளும்.

அதே காட்டில் ஒரு மைனாவும் இருந்தது. கதை சொல்வதில் அதை மிஞ்ச ஆளில்லை. மாலையானால் மான்களும் முயல்களும் அதன் கதை கேட்கக் குளக்கரையில் கூடிவிடும்.

மைனாவின் கதைகளில் எப்போதும் ஓர் அழுங்கு வரும். யார் முகத்தையும் பார்க்காது. எதைக் கேட்டாலும் எறும்பைப் பற்றியே பேசும். கேட்கும் விலங்குகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசியில் அந்த அழுங்கு சுருளுவதை விட்டுவிட்டு மானைப்போல் துள்ளும். உடனே மற்ற விலங்குகள் அதைக் கட்டிக்கொள்ளும்.

ஒருநாள் முயல், "நீயும் கதையில் வருவதுபோல் மாறிவிடேன்! சுருளாதே. எங்களோடு துள்ளு!" என்றது.

அழுங்குக்கும் கூடி விளையாட ஆசைதான். துள்ளியது, விழுந்தது, எழுந்து சிரித்தது. வளைக்குத் திரும்பியதும் சோர்ந்து படுத்துவிட்டது. ஓர் எறும்புகூட உள்ளே இறங்கவில்லை. ஆனாலும் தினமும் துள்ளப் போனது.

ஒரு மாலை சிறுத்தை வந்துவிட்டது. எல்லாம் சிதறி ஓடின.

"ஓடு! சுருளாதே!" என்று முயல் கத்தியது.

அழுங்கு ஓடியது. அந்தக் குட்டைக் கால்களுக்கு எவ்வளவு தூரம்தான் ஓட முடியும்? சிறுத்தையின் மூச்சு வாலில் பட்டது.

'மானைப்போல் என்னால் ஓட முடியாது' என்று நினைத்தது அழுங்கு. நின்ற இடத்திலேயே சுருண்டுகொண்டது.

சிறுத்தை உருட்டியது, கடித்தது, கீறியது. பல் வலித்ததுதான் மிச்சம். சலித்துப்போய் நடையைக் கட்டியது.

கிளையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த மைனா பறந்து வந்தது. "அடடா! நாளைக்கே புதுக் கதை சொல்கிறேன். சிறுத்தையை விரட்டிய மாவீரன் அழுங்கு!"

"நான் யாரையும் விரட்டவில்லை. பயந்தேன், சுருண்டேன்."

"அப்படிச் சொன்னால் கதை சுவைக்காதே!"

"இதுவரை என்னைக் கோமாளி ஆக்கினாய். இப்போது வீரன் ஆக்குகிறாய். இத்தனை கதை சொன்னாயே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?"

மைனா அழுங்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு மெல்லக் கேட்டது: "சுருளும்போது உனக்கு எப்படி இருக்கும்?"

அழுங்கு மண்ணைப் பார்த்தபடியே சொன்னது: "வெளிச் சத்தம் குறைந்துவிடும். என் மூச்சு மட்டும் கேட்கும். அது எனக்குப் பிடிக்கும்."

அப்புறம் எறும்புகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருந்தது. எறும்புகளுக்குள் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று மைனா வியந்துபோனது. ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.

மறுநாள் குளக்கரையில் மைனா புதுக் கதை சொன்னது. அழுங்கு எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டது.

"...மான் துள்ளியது. அழுங்கு எறும்பைத் தேடிப் போனது. கடைசிவரை அது அழுங்காகவே இருந்தது" என்று முடித்தது மைனா.

"அவ்வளவுதானா?" என்றது முயல். அழுங்குக்குக் காது கூசாதபடி, மிக மெதுவான குரலில்.

நீதி: ஒருவரைப் பற்றிச் சொல்லும் முன் அவரிடம் கேள், நம்மைப்போல் மாறினால்தான் நம்மோடு சேரலாம் என்று யாரிடமும் சொல்லாதே.