ராஜா கடைசி ஏடுவரை படித்த சுவடி

ராஜாக்கள் கோபித்தால் மழைகூட யோசித்துப் பெய்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மேலைக்கரை நாட்டைச் செருவென்றான் என்ற ராஜா ஆண்டு வந்தான். பெயர்தான் அப்படி. போருக்கு அவன் போனதே இல்லை. வென்றதெல்லாம் சதுரங்கத்தில். அதில் மட்டும் அவனை யாரும் ஜெயித்தது கிடையாது.

ஒரு மாசி மாதம் ராஜாவுக்குத் தத்துவப் பித்து பிடித்தது. இலையில் இட்லி விழுந்ததும், "இந்த இட்லி இருக்கிறதா, இருப்பதுபோல் தோன்றுகிறதா?" என்று சமையற்காரனைக் கேட்டான்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா மகாராஜா?" என்றான் அவன்.

தத்துவம் தெரியாதவன் கையால் சாப்பிடமாட்டேன் என்று ராஜா எழுந்து போய்விட்டான்.

அரண்மனைச் சுவடிச்சாலையில் தத்துவச் சுவடிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவைப்புலவர் அனந்தகீர்த்திப் பண்டிதர் மற்றதை எல்லாம் பூட்டிவிட்டு, தாம் எழுதிய பேருரையைக் கொண்டுவந்து வைத்தார். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ராஜா மூன்றாம் ஏட்டில் தூங்கிப்போனான். ஊரில் எவனாவது "செத்தபிறகு உயிர் எங்கே போகும்?" என்று கேட்டுவிட்டால் அவன் தலையிலும் அதையே கட்டினார்கள். ஆடி பிறப்பதற்குள் ஊரில் கேள்வி கேட்பவனே இல்லாமல் போனான்.

"நம் நாட்டில் ஏன் யாரும் யோசிப்பதில்லை?" என்று ராஜா அவையில் கேட்டான்.

"சந்தேகங்கள் தீர்ந்துவிட்டன, பிரபு" என்றார் பண்டிதர்.

அமைச்சர் குழைக்காதர் இருமினார். கூச்ச சுபாவம் உள்ளவர். இருமாமல் அவருக்குப் பேச்சு வராது. "அரசே, செருப்பையே கால் அளவு பார்த்துத்தான் தைக்கிறார்கள். சுவடியை ஆள் பார்க்காமல் கொடுத்தால் எப்படி?"

"கேட்டீர்களா பிரபு, என் உரையைச் செருப்போடு ஒப்பிடுகிறார்."

"ஒப்பிடவில்லை பண்டிதரே. செருப்பாவது போட்டவனை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிறது."

அவையில் நாலைந்து பேர் உத்தரீயத்தால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பண்டிதரின் முகம் சிவந்தது. "அப்படியானால் மகாராஜாவுக்கு ஏற்ற சுவடியை அமைச்சரே கொடுக்கட்டும். வருகிற பௌர்ணமிக்குள் மகாராஜா அதைக் கடைசி ஏடுவரை படிக்காவிட்டால், அமைச்சர் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தரவேண்டும்."

பந்தயம் என்றால் ராஜாவுக்குப் பால்பாயசம். "ஆகட்டும்" என்றான்.

குழைக்காதர் தம் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மோதிரம் பண்டிதர் கைக்குப் போனால், வீட்டுக்கு ஒரு பேருரை கட்டாயம் என்று மறுநாளே முரசு அறைவார்கள்.

மறுநாள் காலை நந்தவனத்தில் ராஜாவைத் தனியே பார்த்தார். "அரசே, எந்தக் கேள்வி தங்கள் மனத்தை அரிக்கிறது?"

"பிரம்மத்துக்கும் மாயைக்கும்..."

"அது பண்டிதர் கேள்வி. தங்களுடையது எது?"

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வெளியே சொல்லாதீர். சதுரங்கத்தில் நான் ஜெயிப்பது நன்றாக ஆடுவதாலா, ராஜாவாக இருப்பதாலா?"

"இதைவிடப் பெரிய தத்துவக் கேள்வி எனக்குத் தெரியாது" என்றார் குழைக்காதர். உள்ளபடியே சொன்னார்.

சுவடிச்சாலையைத் திறந்து அரைநாள் தேடினார். இரண்டு சிநேகிதர்கள் வழக்காடுவதுபோல் எழுதிய சின்னச் சுவடி ஒன்று அகப்பட்டது. ஒரு ஏட்டில் ஒருவன் கேட்பான், அடுத்த ஏட்டில் மற்றவன் பதில் சொல்லி இன்னொன்று கேட்பான். அதைப் புதிதாகப் படியெடுக்கச் சொல்லி, மை தடவாமலே ராஜாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"வெறும் ஓலையைக் கொடுக்கிறீரே" என்றான் ராஜா. எழுத்தாணி கீறிய எழுத்து, மை தடவினால்தான் கண்ணுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் கைக்கு வருவதற்குள் யாராவது தடவி வைத்திருப்பார்கள்.

"மைக்கிண்ணம் இதோ. தாங்களே தடவவேண்டும்."

ராஜா சலிப்போடு முதல் ஏட்டில் தடவினான். கறுப்பிலிருந்து ஒரு வரி எழுந்தது: 'உன்னைப் புகழ்கிறவன் உன்னைப் பார்க்கிறானா, உன் ஆசனத்தைப் பார்க்கிறானா?'

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். பதில் அடுத்த ஏட்டில் இருந்தது, ஆனால் தெரியவில்லை. தடவினான். அங்கே இன்னொரு கேள்வி. கை வேலை செய்யும்போது தூக்கம் எப்படி வரும்? சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவர்களை விரட்டினான்.

பௌர்ணமிக்கு முன்பே ஒருநாள் ராஜா அவைக்கு வந்தான். மூக்கெல்லாம் மை. எல்லோரும் வழக்கம்போல் வணங்கினார்கள்.

"பண்டிதரே, என் முகம் எப்படி இருக்கிறது?"

"பூரண சந்திரன், பிரபு."

"குழைக்காதரே?"

அவர் இருமினார். "மூக்கில் மை, அரசே. இடது காதிலும் கொஞ்சம்."

ராஜா துடைத்துக்கொண்டான். "கடைசி ஏடுவரை படித்துவிட்டேன். மோதிரம் உம்மிடமே இருக்கட்டும். யாரங்கே, சதுரங்கப் பலகையைக் கொண்டுவா. பண்டிதரே, உட்காரும். எனக்குத் தோற்றுக்கொடுத்தால் நாடு கடத்துவேன்."

"ஜெயித்தால், பிரபு?"

"ஜெயித்தால் ஒன்றும் செய்யமாட்டேன்."

பண்டிதர் காயை நகர்த்தினார். வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் ராஜாவின் ராஜா மூலையில் அகப்பட்டுக்கொண்டது. ராஜா பலகையையே பார்த்தபடி இருந்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"இத்தனை வருஷம் எனக்குத் தோற்பதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பீர், பாவம். இனிமேல் தினமும் எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடும். உம் பேருரையை ஒருமுறை நீரே முழுக்க வாசித்துவிடும். தத்துவம் கேட்டு வருகிறவர்களைக் குழைக்காதர் பார்த்துக்கொள்வார். குழைக்காதரே, நீர் வந்து உட்காரும்."

அமைச்சர் வேர்க்க வேர்க்க ஆடினார். சீக்கிரமே தோற்றார்.

ராஜாவின் முகம் சுருங்கியது. "நீருமா தோற்றுக்கொடுக்கிறீர்?"

குழைக்காதர் இரும ஆரம்பித்தார். அதற்குள் பண்டிதர் எட்டிப் பலகையைப் பார்த்தார். பொறாமைக்காரரானாலும் ஆட்டம் தெரிந்தவர், அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"இது நடிப்பில்லை, பிரபு. இவ்வளவு மோசமாக ஆட எனக்கே வராது."

ராஜா துள்ளி எழுந்து அமைச்சரைக் கட்டிக்கொண்டான். அவன் பிறந்ததிலிருந்து ஜெயித்த முதல் ஆட்டம் அதுதான்.