சிவப்புப் பாவாடை கட்டிய கழி

தைப்பூசத்தன்று ஆற்று மணலில் ஊர் ஊராக ஜனம் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தில் பெற்ற தாயே பிள்ளையைத் தவற விட்டுவிடுவாள். அதனால் ஒவ்வோர் ஊர்க்காரரும் நீளமான மூங்கில் கழி ஒன்றைத் தூக்கிப் பிடித்து வருவார்கள். நுனியில் ஏதாவது கட்டியிருக்கும். ஓர் ஊருக்கு முறம், ஓர் ஊருக்கு வேப்பங்குழை, ஓர் ஊருக்குப் பழைய துடைப்பம். வழி தவறியவர்கள் அண்ணாந்து பார்த்துத் தங்கள் ஊரைக் கண்டுகொள்வார்கள்.

தையல்நாயகி அண்ணாந்து பார்க்கத் தொடங்கிப் பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது.

மூன்று வயதில் அந்த மணலில் அழுதுகொண்டு நின்றவளை, தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்த சங்கரவடிவு அம்மையார் தூக்கிப் போய்த் தம் மடத்தில் வளர்த்தார். பெற்றவர்களின் முகம் அவளுக்கு நினைவில்லை. கண்ணை மூடினால் ஒன்றுதான் வரும். நிறைய வெயில். அதற்குள் ஒரு கழி. அதன் நுனியில் சிவப்பாக ஏதோ ஒன்று, தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும்.

ஆண்டுதோறும் சிவப்பு தெரிகிற கழிகளாகப் பார்த்துப் போய்க் கேட்பாள். "உங்க ஊர்ல எப்பவாவது ஒரு பொம்பளப் புள்ள தொலைஞ்சு போச்சா?"

"எங்க ஊர்ல கோழிதாம்மா தொலையும்" என்றார் மிளகாய்ச் சரம் கட்டிய கழிக்காரர் ஒருமுறை. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்த கழிக்கு நடந்தாள்.

பதினாறாம் வயதில், பூசத்துக்கு முதல் நாள், அம்மையாரிடம் வந்து நின்றாள்.

"குருவம்மா, நாளைக்கும் கிடைக்கலேன்னா நான் மடத்துக்குத் திரும்ப மாட்டேன். ஊர் ஊராப் போய்த் தேடப் போறேன். நான் எந்தக் கழிக்குக் கீழ நிக்கணும்?"

"போ" என்றார் அம்மையார். "நாளைக்கு மட்டும் தேடாத. நில்லு."

மறுநாள் காலையில், பந்தல் போட்டு மீந்த மூங்கில் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். கூடவே, அவள் கிடைத்த அன்று உடுத்தியிருந்த சிவப்புப் பாவாடையையும் கொடுத்தார். ஒன்றரைச் சாண் உயரம்தான் இருந்தது.

அவள் அதைக் கழியின் நுனியில் கட்டினாள். அன்று இதைத் தனக்குக் கட்டிவிட்ட தாய்க்குப் பார்த்தால் தெரியாமலா போகும்?

ஆற்றின் நடுத்திட்டில் கழியை ஊன்றிப் பிடித்து நின்றாள். வெயில் ஏற ஏற மணல் அலையடிப்பதுபோல் தெரிந்தது. எல்லாக் கழிகளும் நகர்ந்துகொண்டே இருந்தன. அவளுடையது மட்டும் நின்றது.

ஒரு சின்னப் பெண் வந்து அவள் தாவணியைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த ஊரு பாப்பா?"

"அம்மா ஊரு."

பிறகு ஒரு கிழவர் வந்தார். "எங்க ஊருக்கு முறம் தாயி. அங்க பாத்தா நாலு முறம் ஆடுது. எங்க முறம் எதுன்னு தெரியல. இப்படிக் கொஞ்சம் நிக்கட்டுமா?"

"நில்லுங்க தாத்தா."

பிறகு மஞ்சள் காயாத தாலியோடு ஒருத்தி. "நான் ஒண்ணும் தொலையல. அவருதான் தொலைஞ்சுட்டாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

தேடுகிறவர்கள் தூரத்திலேயே பாவாடையைப் பார்த்து ஓடி வந்தார்கள். சின்னப் பெண்ணின் தாய் மகள் முதுகில் ஓர் அடி வைத்தாள். உடனே அள்ளி முத்தமிட்டாள். "அடுத்த வருஷம் தொலைஞ்சா நேரா இங்க வந்து நில்லு, கேட்டியா?"

ஒவ்வொரு பெண்ணும் விரைந்து வரும்போது தையல்நாயகி அந்த முகத்தையே உற்றுப் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பொழுது சாய்ந்தது. கழியின் கீழே யாரும் இல்லை. பாவாடையை அவிழ்க்கலாம் என்று அவள் கழியைச் சாய்க்கப் போனபோது, அம்மையார் இடுப்பில் வெறும் குடத்தோடு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"என்னைத் தேடி ஒருத்தரும் வரல, குருவம்மா."

அம்மையார் குடத்தை இறக்கிவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

"தண்ணி மொண்டுட்டுத் திரும்புனா பந்தலைக் காணோம். எத்தனை வருஷமா நடக்குற மணல், வழி தப்பிருச்சு. கேட்டவங்களுக்கெல்லாம் ஊத்தி ஊத்திக் குடமும் காலி."

"அப்புறம் எப்படி வந்து சேந்தீங்க?"

"அண்ணாந்து பாத்தேன்" என்றார் அம்மையார். "நம்ம கழி தெரிஞ்சுது."