முடியும் என்றால் உட்காரலாம்

வெற்றிச்செல்வன் புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரர். அதனாலேயே இனி எழுத வேண்டாம் என்று சொல்லி, எழுதுகிற ஏழு பேருக்கு அவரை மேனேஜராக்கிவிட்டார்கள். கம்பெனிகள் பரிசு கொடுக்கிற லட்சணம் அது.

அந்த ஏழு பேரும் பஸ்களில் சீட் பதிவு செய்கிற ஆப் ஒன்றைச் செய்தார்கள். பொங்கலுக்கான பதிவு திறந்த காலையில் அது ஒரே சீட்டை நாலு பேருக்குக் கொடுத்தது. பதினொரு மணிக்கு மொத்தமாகப் படுத்துவிட்டது. யார் பொறுப்பு என்று மாலைக்குள் ஒரு பெயர் எழுதித் தரும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எழுதப்படுகிற ஆளுக்கு வேலை இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

வெற்றிச்செல்வன் ஷபீனாவின் பெயரை எழுதினார். உடைந்தது அந்தப் பெண் எழுதிய பகுதிதான், அதில் பொய் இல்லை. ஆனாலும் அனுப்ப மனசு வரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனார்.

அங்கே இவருடைய பழைய மேனேஜர் லூர்துமேரி இருந்தார். வயதில் இவரைவிட இரண்டு வருடம் சின்னவர். ஆனால் இவருக்கு வேலை கற்றுக்கொடுத்தது அவர்தான். இவர் மனதுக்குள் குரு என்றே வைத்திருந்தார்.

"ஷபீனா முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம். ஏன் சொல்லல?"

லூர்துமேரி தாளைத் தொடவில்லை. திங்கட்கிழமை கூட்டத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டார்.

வெற்றிச்செல்வன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். எல்லோரும் நிற்க வேண்டும். குறித்த தேதிக்குள் முடியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். பதில் ஒரே வார்த்தை. முடியும் என்றவர் உட்காரலாம். முடியாது என்றவர் கூட்டம் முடிகிற வரைக்கும் நிற்க வேண்டும். ஒன்பது நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். மற்ற டீம்களில் ஒரு மணி நேரம் இழுக்கிறார்கள்.

"ஷபீனா என்னிக்காவது நின்னாங்களா?"

நவம்பரில் ஒருநாள் நின்றார். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வந்தால் ஆப் தாங்குமா என்று சோதிக்க மூன்று வாரம் வேண்டும் என்று ஆரம்பித்தார். ஒரே வார்த்தை, என்று இவர் ஞாபகப்படுத்தினார். முடியாது என்றார் ஷபீனா. மற்ற ஆறு பேரும் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வாரம்?"

"முடியும்னாங்க."

"மூணு வாரம் குடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப எப்படி முடிஞ்சுது?"

வெற்றிச்செல்வன் மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தார்.

"எந்திரிங்க," என்றார் லூர்துமேரி. எழுந்தார். "இது உங்க தப்பா? ஒரே வார்த்தை."

"மேடம், அது என்னன்னா..."

"ஒரே வார்த்தை."

அதற்குப் பிறகு லூர்துமேரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி மெயில் படிக்க ஆரம்பித்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே போன இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெற்றிச்செல்வனுக்கு முகம் சுட்டது. முதலில் அவமானமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. அந்த ஷபீனாவின் மேல்கூட வந்தது.

"இது உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே மேடம்?" என்றார். "உங்க டீம்ல நானும் நின்னிருக்கேன்."

"தெரியும். உட்காருங்க."

உட்கார்ந்தார். தன் பெயரை எழுதினால் வேலை போய்விடும் என்றார். மகள் பத்தாவது படிக்கிறாள், இந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள் என்றார். லூர்துமேரி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல இவருக்கே தன் குரல் பிடிக்காமல் போயிற்று.

"என் இடத்துல நீங்க இருந்தா யார் பேர எழுதுவீங்க மேடம்?"

லூர்துமேரி தாளை முதல்முறையாகக் கையில் எடுத்தார். பெயரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எட்டு வருஷம் முன்னாடி நானும் இதே மாதிரி ஒண்ணு எழுதினேன். சகாயராஜ்னு ஒருத்தர். ரெண்டு வாரம் நின்னாரு, மூணாவது வாரம் முடியும்னாரு. நான் அவர் பேரத்தான் எழுதினேன், வேலை போச்சு. அவர் இடத்துக்குத்தான் உங்கள எடுத்தோம்."