மனசுக்குள் தின்ற பரோட்டா

விருதுநகரில் எங்கள் சர்க்கரை டாக்டருக்கு இடம் பார்க்கத் தெரியவில்லை. மாடியில் ஆஸ்பத்திரி, கீழே ஓட்டல். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் மேலே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, உளுந்தவடை வாசம் படியேறி வரும். அதைத் தாங்குவதே பெரும்பாடு. அன்றைக்கு அதோடு தனுஷ்கோடி அண்ணாச்சியையும் தாங்க வேண்டியிருந்தது.

அண்ணாச்சிக்குப் பருப்புக் கமிஷன் கடை. எங்களைப் போல அவர் பட்டினி இல்லை. முந்தின நாளே ரத்தம் கொடுத்துவிட்டார். இன்றைக்கு டிபனை ஒரு கை பார்த்துவிட்டு முடிவு கேட்க வந்திருந்தார். போன தடவையே டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: இந்த முறையும் சர்க்கரை குறையாவிட்டால் மாத்திரையோடு விடமாட்டேன், தினமும் வயிற்றில் ஊசிதான். ஊசி என்றால் அண்ணாச்சிக்கு உயிர் போய் உயிர் வரும். பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். இவர் வாயைத் திறந்துவிடுவார்.

எங்களைப் பார்த்த பார்வையிலேயே இளக்காரம். "ஒரு வடை வாசத்துக்கு இந்த நெளி நெளியிறீங்களே. நாக்கா கேக்குது? மனசுல்ல கேக்குது. அதை அடக்கத் தெரியலைன்னா என்னத்துக்கு இம்புட்டு வயசு?"

ஆசையை அடக்கும் பாடம் எதையோ போனில் பார்த்திருக்கிறார். ஆசை வந்தால் கால் மணி நேரம் பொறு என்று அதனிடம் சொல்ல வேண்டும், தானாகத் தணிந்துவிடும் என்றார். இதுவரை நியாயம்தான், என் மகளும் இதையேதான் சொல்கிறாள். ஆனால் அண்ணாச்சி ஒரு அதட்டுப் போட்டதும் அவருடைய அல்வா ஆசை வீட்டுக்கு வெளியே போய் வாசல் கேட் பக்கத்தில் நின்றுகொண்டதாம். கால் மணி நேரம் இல்லை, மூன்று நாள். தெருநாயெல்லாம் அதைப் பார்த்துக் குரைத்ததாம். கடைசியில் கால் கடுத்துப்போய் எதிர்வீட்டுக்குள் அது நுழைய, அந்த வீட்டுக்காரர் கடைக்கு ஓடி ஒரு கிலோ அல்வாவை நின்றபடியே தின்று தீர்த்தாராம்.

பக்கத்தில் செண்பகவல்லி டீச்சர் இருந்தார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவர், பொய் கேட்டுப் பழகிய காது. அந்த எதிர்வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். அவர் வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டாராம்.

அடுத்தது பரோட்டா. நிஜமாகத் தின்னாமல் மனசுக்குள்ளேயே ஒவ்வொரு வாயாகத் தின்று பார்த்தால், திகட்டிப்போய் ஆசை விட்டுவிடும் என்பது இரண்டாவது பாடம். அண்ணாச்சி எண்ணெய் பரோட்டாக் கடைக்குள் போய், பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாராம். பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, ஊறவிட்டு, எல்லாமே மனசுக்குள். நாலாவது பரோட்டாவில் விக்கல் வந்ததாம். கடைக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தாராம். ஏப்பம் விட்டுக் கண்ணைத் திறந்தால், மாஸ்டர் கரண்டியும் கையுமாக நிற்கிறாராம், கல்லில் கிடந்த பரோட்டாவில் ஒன்றையும் காணோமாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டையெல்லாம் சால்னாக் கறை.

"கறை நிஜந்தான அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"நிஜந்தான். எங்க வீட்டுல துவைச்சுத் துவைச்சுக் கை ஓஞ்சு போச்சு."

"அப்ப பரோட்டா மட்டும் பொய்யி."

அண்ணாச்சி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்தவர்களுக்கு எதையும் பாதிதான் விளங்கும் என்றார். எனக்குப் பசியோடு எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

அவர் நிறுத்தவில்லை. சிவகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு இரண்டு ஜாங்கிரி வைத்தார்களாம். பிடித்த பண்டத்தை அருவருப்பான ஏதாவது ஒன்றாக நினைத்துக்கொண்டால் கை போகாது என்பது மூன்றாவது பாடம். அண்ணாச்சி அதைப் பழைய சைக்கிள் டியூப் என்று நினைத்தார். நினைப்பு கொஞ்சம் பலமாகிவிட்டது. பக்கத்து இலைக்காரர் ஜாங்கிரியைக் கடித்துவிட்டு ரப்பர் என்று துப்பினாராம். அப்புறம் அந்த வரிசையே துப்பியது. எதிர் வரிசையில் ஒருவர் காற்றடிக்கும் பம்ப் கேட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள். சமையல்காரர் ஓடிவந்து, "அண்ணாச்சி, புண்ணியமாப் போகும், நினைப்பை எடுத்துருங்க" என்று காலில் விழுந்தபிறகுதான் தாலியே கட்டினார்களாம்.

பந்தி நடந்த பிறகா தாலி கட்டினார்கள் என்று கேட்டேன். சிவகாசிப் பக்கம் அப்படித்தான் என்று கூசாமல் சொன்னார். சிவகாசிக்காரர் ஒருவரும் பெஞ்சில் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம்.

அந்த நேரம் பார்த்துக் கீழே புதிதாக ஒரு ஈடு வடை இறங்கியது. என் வயிறு பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி கத்தியது. அண்ணாச்சி கையை உயர்த்தி எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். எங்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து அவரே மனசுக்குள் தின்றுவிடப் போகிறாராம், பசி போய்விடுமாம். அவர் வாய் அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. சட்னி காரம் என்று சொல்லி மூக்கை வேறு உறிஞ்சினார். எங்கள் பசி இருந்த இடத்திலேயே இருந்தது. நம்பிக்கை இல்லாத வயிறுகளுக்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை உதறிவிட்டார்.

நர்ஸ் ஜெபராணி சீட்டோடு வந்தாள். இங்கே வருகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்னால் பாகற்காயைத் தின்று சர்க்கரையை இறக்கிக்கொண்டு, நல்ல பிள்ளைகளாக வந்து உட்காருவோம். அண்ணாச்சியும் தின்றுவிட்டுத்தான் வந்திருப்பார். ஆனால் இந்தத் தடவை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை. அதற்குப் பாகற்காய் ஒரு பொருட்டே இல்லை.

"அண்ணாச்சி, மூணு மாசச் சராசரி பன்னெண்டைத் தாண்டிருச்சு" என்றாள் ஜெபராணி. "போன தடவைய விடக் கூடுதல். இன்னைலருந்து ஊசி ஆரம்பிக்கணும்னு டாக்டர் எழுதிட்டாரு."

அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. கை தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டது. அவ்வளவு நேரம் அவரைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கே பாவமாகிவிட்டது. டீச்சர்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

 பிறகு அண்ணாச்சி நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா டீச்சர்? மனசுல தின்னது அம்புட்டும் ரத்தத்துல ஏறியிருக்கு. நெனைப்புன்னா இப்படில்ல இருக்கணும்."

ஜெபராணி உள்ளே போய் ஊசித் தட்டை எடுத்துவந்தாள். அதிலிருந்த ஊசியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சரி அண்ணாச்சி. இதை மட்டும் நெசத்துல போட்டுக்கிடுவோம். சட்டையைத் தூக்குங்க."