நாற்பத்து மூன்று ரெப்போக்களும் ஓர் உதவி எண்ணும்

"மேடம், பொண்ணோட கபடி ஃபைனலை இந்தத் தடவையும் என்னால பார்க்க முடியாது," என்றார் அருளப்பன்.

பதினெட்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் மென்பொருள் எழுத வந்தவர். பஸ் டிக்கெட் விற்கும் அந்த மதுரை அலுவலகத்தில் அவருக்குக் குரு மெஹருன்னிசா. குருவுக்கு வயது இருபத்தொன்பது.

"ஏன் சார்?"

"உதவி எண் மாறிடுச்சு. நாற்பத்து மூணு ரெப்போவிலயும் மாத்தணும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் போய், மாத்தி, பதிஞ்சு, புஷ் பண்ணி... ஆட்டம் அஞ்சு மணிக்கு, மேலூர்ல. இப்பவே மூணரை."

ரெப்போ என்பது நிரலையும் அதில் நடந்த மாற்றங்களையும் சேர்த்து வைக்கும் களஞ்சியம். ஒன்று இருந்தால் செல்லப்பிள்ளை. நாற்பத்து மூன்று இருந்தால் தலைவலி.

மெஹருன்னிசா அவருடைய கணினியில் ஒரு சின்னக் கருவியை ஏற்றிக் கொடுத்தார்.

"இனி ஒரு கமாண்ட் அடிச்சா எல்லா ரெப்போவுக்கும் போகும்."

அருளப்பன் ஒரே வரியில் அடித்தார். மாற்று, இருப்பதையெல்லாம் பதி, புஷ் செய். புஷ் என்றால் மாற்றத்தை அனுப்பி வைப்பது; அங்கே அனுப்பியது உடனே வாடிக்கையாளரிடம் போய்விடும். ஒரு நிமிடத்தில் முடிந்தது. அவர் துள்ளிக் குதிக்காத குறை. ஹெல்மெட்டை எடுத்தார்.

ஃபோன் அடித்தது. தேனி போகிற பயணி ஒருவர்.

"டிக்கெட் எஸ்எம்எஸ்ல 'அப்பாடா, இதுவரைக்கும் வந்துட்டேன்'னு வந்திருக்கு. யாருங்க வந்தது? பஸ் வருமா, வராதா?"

போன வாரம் ஒரு பிழையைத் தேட அருளப்பனே தன் கணினியில் எழுதிப் பார்த்துவிட்டு அழிக்க மறந்துபோன வரிகளில் ஒன்று அது. 'இருப்பதையெல்லாம் பதி' என்றதில் அதுவும் சேர்ந்து போய்விட்டது.

"எந்த ரெப்போன்னு ஞாபகமே இல்ல மேடம். இனி நாற்பத்து மூணையும் திறந்து தேடணும். முதல்ல இந்தச் சனியனை எடுத்துடுங்க!"

மெஹருன்னிசா எடுக்கவில்லை.

"ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எப்படி சார் எடுப்பீங்க?"

"பேர் சொல்லித்தான்."

"எல்லாரும் வந்தாச்சான்னு மொத்தமா கேட்டா?"

"வராதவனுக்கும் சேர்த்து 'வந்தாச்சு சார்'னு கத்துவானுங்க." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மெஹருன்னிசா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, அதே கருவியில் ஒரு கமாண்ட் அடித்தார். கடைசியாக என்ன மாறியது?

நாற்பத்து மூன்றும் பெயரோடு வரிசையாகப் பதில் சொல்லின. ஒரு வரி. ஒரு வரி. ஒரு வரி. இருக்கை எண் கொடுக்கும் ரெப்போ மட்டும் ஏழு வரி என்றது.

அருளப்பன் திரையையே பார்த்தார்.

"அனுப்புறதுக்கு முன்னாடி கேட்டிருந்தாலும் சொல்லியிருக்குமா மேடம்?"

"நீங்க கேட்கலையே சார்."

அருளப்பன் உதவி எண்ணை விட்டுவிட்டு மற்ற ஆறு வரிகளையும் நீக்கினார். மணி நாலு பத்து. புஷ் செய்ய விரல் என்டரை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அடித்ததை அழித்துவிட்டு, என்ன மாறியது என்று நாற்பத்து மூன்று ரெப்போக்களையும் மறுபடி பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஒரு ரெப்போவைத்தானே சார் தொட்டீங்க? மேலூருக்கு நேரமாகலையா?"

"ஆகுது மேடம். அதனாலதான் கேட்டுக்கறேன்."