விளிம்பு உயர்ந்த படகு

துளசிமணியிடம் தூண்டில் போடக் கற்க வந்த மாரப்பன் அவளைவிட வயதில் மூத்தவன். அவனுடைய அண்ணன் அணைத் தண்ணீரின் நடுவில் பரிசல் கவிழ்ந்து செத்துப்போயிருந்தான். உடல் கிடைக்கவில்லை. அண்ணனின் பெண்பிள்ளைகள் இப்போது மாரப்பன் வீட்டில் சாப்பிட்டார்கள்.

கரையிலிருந்து வீசிப் பழகியாகிவிட்டது. கரையில் குஞ்சுகள்தான் மாட்டின.

"இன்னைக்குத் தண்ணிக்குள்ள போறோம்" என்றாள். "படகு நீங்களே பாருங்ணா. ஜிலேபி மீன் கோரைக்குள்ள கிடக்குது. அதுக்குத் தக்கன எடுங்க."

ஒரு பரிசலும் ஒரு பலகைப் படகும் கிடந்தன. பரிசலை அவன் தொடவில்லை. பலகைப் படகின் விளிம்பு அவன் இடுப்புக்கு இருந்தது. இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்தான். அசையவில்லை.

"இது கவிழுமா அம்மிணி?"

"லேசுல கவிழாது."

"அப்ப இதுதான்."

அவள் பரிசலில் ஏறிக்கொண்டாள்.

கோரைத் திட்டு வந்ததும் பரிசல் தண்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனது. மாரப்பனின் படகு ஓரத்திலேயே தரைதட்டி நின்றது.

"என்னுங்ணா, கல்யாண மண்டபத்தையே கிளப்பிட்டு வந்துட்டீங்க?"

அவனால் சிரிக்க முடியவில்லை. துடுப்பை ஊன்றித் தள்ளினான். படகு வேகமாக ஆழத்துக்குப் பின்வாங்கியது. நிறுத்துவதற்காக நங்கூரக் கல்லைப் போட்டான். கயிறு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. முழுக் கயிறும் தீர்ந்த பிறகும் கல் எதையும் தொடவில்லை.

காற்று படகைத் திருப்பியது. கோரை தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. பலகைக்குக் கீழே ஏதோ தட்டியது. அலைதான் என்று சொல்லிக்கொண்டான். மறுபடியும் தட்டியது, விரல்களால் தட்டுவதுபோல. தண்ணீருக்குள் இருப்பவன் கைக்கு இந்த விளிம்பு எட்டாது என்று நினைத்தான். எட்டிப் பார்க்கத் துணியவில்லை.

"அம்மிணி!"

"துடுப்ப விட்றாதீங்க. என்னப் பாத்து வலிங்க."

தொங்கும் கல்லோடு வலித்தான். கல் தரையில் உரசும் சத்தம் கேட்டபோது அவனுக்கு அழுகை வந்தது.

துளசிமணியின் பரிசலில் ஜிலேபிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"இதுக்கு மாறிக்குங்க."

"கவுந்துட்டா?"

அவள் தூண்டிலை வைத்துவிட்டுப் பரிசலிலிருந்து தண்ணீரில் இறங்கினாள். மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு இருந்தது.

"கவுந்தா நடந்து வந்துருங்ணா."