கரைக்குருவி ஆற்றில் எறிந்த உருண்டை

அந்தக் காலத்தில், பறவைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, வாலாட்டிக் குருவிக்கு வால் ஆடாது. தண்ணீரோரம் கூழாங்கல் போல அசையாமல் நிற்கும். அப்போது அதன் பெயர் கரைக்குருவி.

சொந்த ஊர் வடக்கே பனிமலை. அங்கே முதல் பனி விழும் நாள் திருவிழா. அன்றைக்குத் தேவதாருப் பிசினில் காட்டுப்பழத்தைப் பிசைந்து உருண்டை பிடிப்பார்கள். கல்லாக இருக்கும்; இனித்து முடித்ததும் கசக்கும். வழக்கத்துக்காகச் செய்வதுதான், யாரும் தின்பதில்லை. ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குப் பலகாரமாகப் போய்க்கொண்டே இருக்கும். கரைக்குருவிக்கும் தனக்கு வந்ததைத் தள்ளிவிட்டுத்தான் பழக்கம்.

ஒரு வருஷம் வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. உருண்டையை அலகில் கவ்விக்கொண்டே, பனிக்கு ஒதுங்க வழக்கம்போலத் தெற்கே பறந்தது. கூட வந்தவர்களில் சிலர் வழியிலேயே விழுந்துவிட்டார்கள். தனக்கும் வயதாகிறது, இன்னொரு தடவை மலை ஏற முடியுமா என்று அதற்குப் பயம் வந்தது. தாமிரபரணிக் கரையில் ஒரு மருதமரத்தில், இங்கேயே தங்கிவிடக் கூடு கட்ட இடம் கேட்டது. பார்க்கலாம் என்றது, அந்த மரத்தில் நெடுங்காலம் குடியிருந்த மைனா.

காத்திருந்த நாளில் கரைக்குருவி சும்மா உருண்டையில் ஒரு துணுக்கைக் கொத்திப் பார்த்தது. பிடித்திருந்தது. மறுநாளும் கொத்தியது. ஊரில் ஒருநாளும் இறங்காத பண்டம் இங்கே ஏன் இறங்குகிறது? ருசியா, வேறு ஏதாவதா? யோசிக்க யோசிக்கத் தூக்கம் போயிற்று.

பிசின் வாடை மரமெல்லாம் ஏறியது. மைனாவின் குஞ்சுகள் இரை எடுக்கவில்லை. மைனா இறங்கி வந்தது.

"உங்க ஊர்லயே இதை யாரும் தொட மாட்டாங்கன்னு நீதானய்யா சொன்ன?"

"ஆமாக்கா."

"நீ தின்பியா அங்க?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன? ஆத்துல போட்டுட்டு வா. அந்தக் கிளை உனக்குத்தான்."

நியாயமாகத்தான் பட்டது. கரைக்குருவி உருண்டையைக் கவ்வி, ஆற்றுக்குமேல் பறந்து, அலகைத் திறந்தது. சின்னச் சத்தம். சுழி இழுத்துக்கொண்டது.

வெறும் அலகோடு கரையில் இறங்கியபோது வால் ஒருமுறை துடித்தது. தண்ணீரோரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கிளை காலியாக இருக்கிறதே, வருகிறாயா போகிறாயா என்று மைனா மேலிருந்து கேட்டது. வருகிறேன் என்று வாலைத் தூக்கியது. அதற்குள் வால் தாழ்ந்துவிட்டது.

கோடை வந்ததும், கூடு கட்டாமலே மலைக்குத் திரும்பிப் போயிற்று. முதல் பனியில் உருண்டை வந்தது. ஆசையாக ஒரு கடி கடித்தது. தொண்டையில் இறங்கவில்லை. பக்கத்துக் கூட்டுக்குத் தள்ளிவிட்டுத் தெற்கே கிளம்பியது.

அன்று முதல்தான் வாலாட்டிக் குருவி நம் ஆற்றங்கரையில் கூடு கட்டுவதில்லை. பனிக்காலமெல்லாம் தண்ணீரோரம் எதையோ தேடி ஓடுகிறது, கால் நின்றாலும் வால் நிற்பதில்லை.